அரண்மனைக்காரத் தெரு

பேரன் என்னும் சொல்லை நாள்தோறும் வழங்குகிறோம். பெயரன் என்பதே மருவிப் பேரன் ஆயிற்று என்று வகுப்பில் மாணவர்க்குச் சொல்லித் தருகிறோம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. குடிவழியைத் தனி ஏட்டில் எழுதிவைக்கும் வழக்கம் இல்லாத எளிய குடும்பங்களிலும் மூன்று தலைமுறை மறையாமல் நிற்பதற்கு இந்த ஒரு பழக்கமே துணையாக இருந்தது. என் பாட்டனாரின் பெயரே எனக்கும் இடப்பட்டது. ஆயினும் அவர் யார் என்பதை அறுபது வயதைக் கடந்த பின்னரே நான் அறிந்துகொண்டேன். அறிந்துகொண்டது முதலில் எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தந்தையைப் பெற்ற அப்பாயி சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு சிறு வீட்டில் எங்களோடு வாழ்ந்தார். மாலையில் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே, பாட்டனாரைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்வார். “உன் தாத்தா சென்னப்பட்டணத்தில் அரண்மனைக்காரத் தெருவில் வேலை பார்த்தவர்” என்பதே அது. அவர் கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்தது முதல் உலகப் போருக்கு முன்பு. நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்டார். அவருடைய நிழற்படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அந்த ஒரு வாக்கியமே அவர் விட்டுச்சென்ற சொத்தாக எங்களுக்கு இருந்தது.

வாக்கியம் சிறியது, ஆனால் அதற்குள் ஓர் அரண்மனை இருந்ததே! அரண்மனைக்காரத் தெரு என்றால் அங்கே அரண்மனை இருந்திருக்க வேண்டும். அரண்மனைத் தெருவில் வேலை என்றால் அரச குடும்பத்தாரிடம் ஊழியம் பார்த்திருக்க வேண்டும். என் தந்தையார் இதைக் கணக்கர் வேலை என்று ஆக்கினார். நான் தமிழாசிரியன் அல்லவா? கணக்கரை ஓலைநாயகமாகவே உயர்த்திவிட்டேன். என் மகளின் திருமண விருந்தில், அரண்மனை ஊழியம் பார்த்த குடியிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று நானே மேடையேறிப் பேசினேன். உறவினர் கைதட்டினர். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. கேட்டதைத்தான் சொன்னேன்; ஆனால் கேட்டதற்கும் சொன்னதற்கும் இடையில் இரண்டு தலைமுறையின் ஆசை புகுந்திருந்தது.

ஆசிரியப் பணியில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1980களில் ஒரு நாள், உயர்நிலை மாணவர்களிடம் குடிவழி மரம் ஒன்றை வரைந்துவருமாறு பணித்தேன். வழிகாட்டியாக என் குடும்பத்தின் மரத்தைக் கரும்பலகையில் வரைந்து, அதன் அடியில் அரண்மனை ஊழியர் என்று எழுதினேன். மறுநாள் ஒரு மாணவன் கொண்டுவந்த தாளில் தந்தை, தாய், தாத்தா என்ற மூன்று கட்டங்கள் மட்டுமே இருந்தன. தாத்தாவின் கட்டத்தில் ‘நகரத் துப்புரவுத் தொழிலாளி’ என்று எழுதியிருந்தான். அதற்கு மேலிருந்த கட்டத்தில் ‘தெரியாது’ என்று ஒரே சொல். “வேர் தெரியாத மரம் காற்றுக்கு நிற்குமா, தம்பி? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வா” என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். மீண்டும் அதைக் கொண்டுவரவே இல்லை. நானும் மறந்துவிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தை வீடு மாறினார். தந்தையாரின் தங்கையான அவருக்கு அப்போது எண்பதைத் தாண்டிய வயது. பழைய தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து, வேண்டியவற்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். துணிகளுக்கு அடியில் அஞ்சலட்டை ஒன்று கிடந்தது. பாட்டனாரின் அண்ணன் முறையான ஒருவர் 1926இல் சென்னையிலிருந்து எழுதியது. மை மங்கியிருந்தாலும் எழுத்தைப் படிக்க முடிந்தது. ஊரில் மழை பெய்த செய்தி, ஒரு சாவு, ஒரு கடன். இறுதியில், ‘நீ மூட்டை தூக்கிய பண்டகசாலையில் இப்போது பாதி ஆட்களை நிறுத்திவிட்டார்கள், நான் மட்டும் இருக்கிறேன்’ என்னும் பொருளில் ஒரு வரி. கீழே தமிழில் அரண்மனைக்காரத் தெரு என்ற முகவரி. அதன்மேல், அவர் வேலை பார்த்த வணிக நிறுவனத்தின் முத்திரை ஆங்கிலத்தில் பதிந்திருந்தது. அந்த முத்திரையில் இருந்த தெருப் பெயர் அரண்மனைத் தெரு அன்று, ஆர்மீனியன் தெரு.

ஆர்மீனியன் என்ற அயற்சொல்லைச் சென்னை மக்கள் தம் நாவுக்கு ஏற்றவாறு அரண்மனைக்காரன் என்று ஆக்கிக்கொண்டனர். அந்தத் தெருவில் அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மீனிய வணிகர்கள் அங்கே வாழ்ந்ததாலும், 1772இல் கட்டிய அவர்களுடைய மாதா கோயில் இன்றும் அங்கே நிற்பதாலும் வந்த பெயர் அது. என் பாட்டனார் காலத்தில் அவ்வணிகர்களும் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். தெருவின் பெயரே எஞ்சியிருந்தது. அரச குலத்தாரிடம் ஊழியம் பார்த்தவர் என்று நான் மேடையில் முழங்கியவர், அத்தெருவின் பண்டகசாலை ஒன்றில் மூட்டை சுமந்தவர்.

உழைப்பு இழிவன்று என்று ஆயிரம் முறை வகுப்பில் சொன்ன எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. மூட்டை தூக்கினார் என்பதற்காக நான் வெட்கப்படவில்லை. அதை மறைத்து ஓர் அரண்மனையைக் கட்டிக்கொண்டோமே என்பதற்காக வெட்கப்பட்டேன். அத்தையிடமும் இதைச் சொல்லவில்லை. அவர் வாழ்நாள் முழுதும் பெருமையாகப் போற்றிய ஒன்றை முதுமையில் பறிப்பதா என்று தயங்கினேன். ஆனால் ஆர்மீனியர் யார் என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

அவர்கள் நமக்கு முற்றிலும் அயலவர் அல்லர் என்பதை நூல்களைப் புரட்டியபோது உணர்ந்தேன். சென்னையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டியவர் பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்கு ஏறிச்செல்லும் படிகளை அமைத்தவரும் அவரே. அந்தப் பாலத்தின் இடத்தில் பின்னர் எழுந்த பாலம் இன்று மறைமலையடிகளின் பெயரைத் தாங்குகிறது. உலகிலேயே ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானதும் சென்னையில்தான். அதை நடத்திய ஹாருத்யூன் ஷ்மவோனியன் என்னும் குருவின் கல்லறை, நம்மவர் அரண்மனைக்காரத் தெரு என்றழைத்த அதே தெருவின் கோயில் வளாகத்தில் இருக்கிறது.

சிங்கப்பூரிலும் ஓர் ஆர்மீனியன் தெரு இருப்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. பலமுறை அவ்வழியே நடந்திருக்கிறேன்; பெயரை எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிறு காலை, தேக்காவில் தேநீர் அருந்திவிட்டு, சிராங்கூன் சாலையிலிருந்து சிலிகி வழியாக ஹில் ஸ்திரீட்டுக்கு நடந்தே சென்றேன். அங்கே, ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், வெண்ணிறத்தில் நிற்கிறது புனித கிரகோரியார் பெயரிலான ஆர்மீனியக் கோயில். கட்டடக் கலைஞர் கோல்மன் வரைந்த அமைப்பில் 1835இல் எழுந்தது. 1973இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூரில் இன்று எஞ்சியுள்ள கிறித்துவக் கோயில்களில் இதுவே மூத்தது. இதைக் கட்டியபோது இங்கிருந்த ஆர்மீனியக் குடும்பங்களோ மிகச் சில.

கோயிலின் பக்கத்தில் ஒரு சிறு தோட்டம். அங்கே கல்லறைக் கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. வேறிடத்திலிருந்த இடுகாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கற்கள் அவை. கற்கள் மட்டுமே வந்தன, உடல்கள் வரவில்லை. சிலவற்றில் ஆங்கிலத்தோடு ஆர்மீனிய எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1845இல் ‘ஸ்திரெய்ட்ஸ் டைம்ஸ்’ இதழ் தொடங்குவதற்குக் காரணமாயிருந்த கேச்சிக் மோசஸ், 1887இல் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்த சார்க்கீஸ் உடன்பிறப்புகள் முதலியோர் வாழ்ந்த சமூகம் இது. ஆர்மீனியரின் குலப்பெயர் பெரும்பாலும் ‘இயன்’ என்று முடியும். இன்னாரின் வழிவந்தவர் என்பது அதன் பொருள். நாம் தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னே வைக்கிறோம். அவர்கள் முன்னோரின் பெயரைப் பின்னே வைக்கிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் வாழ்ந்தவர் பலர் அந்த ‘இயன்’ ஈற்றைக் கைவிட்டனர். ஹோவகிமியன் என்பது ஜோக்கிம் ஆயிற்று.

அந்த ஜோக்கிம் குடும்பத்து மகள் அஷ்கென் ஹோவகிமியன். ஆக்னஸ் ஜோக்கிம் என்று உலகம் அறிந்தவர். 1854இல் சிங்கப்பூரில் பிறந்து 1899இல் மறைந்த அவருடைய கல்லும் அத்தோட்டத்தில் இருக்கிறது. அவர் தம் தோட்டத்தில் வளர்த்த ஆர்க்கிட் மலரைப் பூமலையின் இயக்குநராக இருந்த ரிட்லி 1893இல் ஆராய்ந்து, வாண்டா மிஸ் ஜோக்கிம் என்று பெயரிட்டார். 1981இல் அது நம் தேசிய மலராயிற்று. வாண்டா ஹூக்கெரியானா, வாண்டா டெரெஸ் என்னும் இரு செடிகளின் கலப்பு அது என்று ரிட்லி பதிந்து வைத்தார். ஒரு மலருக்குத் தாய் தந்தை யார் என்பது நூற்றாண்டுக்கு மேலாக ஏட்டில் இருக்கிறது. என் பாட்டனாருக்கு ஓர் அஞ்சலட்டையே இருக்கிறது. அக்கல்லின் முன் நின்றபோது இந்த எண்ணமே எனக்கு வந்தது.

இவர்கள் அரச குலத்தவர்தாமா? அரண்மனைக்காரர் என்று நம்மவர் அழைத்தது தற்செயலாகவேனும் உண்மையாகிவிடுமா? ஒரு சிறு நப்பாசை எனக்குள் இன்னும் இருந்திருக்க வேண்டும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் மேல்மாடியில் சில வாரங்கள் அமர்ந்தேன். இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் பாரசீகத்தின் இஸ்ஃபகான் நகரை அடுத்த புதிய ஜூல்ஃபாவின் வணிகக் குடியினர் அல்லது அவர்தம் வழியினர் என்று அறிந்தேன். ஆரஸ் ஆற்றங்கரையில் இருந்த பழைய ஜூல்ஃபாவின் மக்களை 1604ஆம் ஆண்டையொட்டி ஷா அப்பாஸ் கூண்டோடு பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியேற்றிய ஊர் அது. அவர்கள் வணிகர், வேந்தர் அல்லர். ஆனால் அந்தத் தேடலில் உண்மையான பிரபுக் குடி ஒன்றின் வரலாறு என் கண்ணில் பட்டது. அதன் பெயர் ஓர்பெலியன்.

ஓர்பெலியர் முதலில் ஜார்ஜிய வேந்தரின் படைத்தலைவராக இருந்தவர்கள். 1177ஆம் ஆண்டையொட்டி, மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு எதிராக அவருடைய அண்ணன் மகனை அரியணை ஏற்ற முயன்ற கிளர்ச்சியில் அக்குடியின் தலைவர் இவானே முன்னின்றார். கிளர்ச்சி தோற்றது. இவானேயின் கண்கள் பறிக்கப்பட்டன, உறவினர் கொல்லப்பட்டனர். உதவி தேடிப் பாரசீகப் பக்கம் சென்றிருந்த தம்பி லிபாரித்தும் அவருடைய மக்களும் மட்டுமே உயிர் தப்பினர். ஓர்பெலியன் என்ற பெயரையே ஏடுகளிலிருந்தும் கோயில்களிலிருந்தும் அழித்துவிட மன்னர் ஆணையிட்டதாக அக்குடியின் வரலாற்றாசிரியர் எழுதுகிறார்.

அந்த வரலாற்றாசிரியரும் அக்குடியில் பிறந்தவரே. ஸ்தெபானோஸ் ஓர்பெலியன் என்பது அவர் பெயர். ஆர்மீனியாவின் தென்பகுதியான சுயூனிக் நாட்டின் பேராயராக இருந்தவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய சுயூனிக் நாட்டு வரலாற்றில், தம் குடியின் கதைக்கெனத் தனியொரு பகுதியை ஒதுக்கினார். லிபாரித்தின் பேரன் காலத்தில் அக்குடி சுயூனிக்கில் மீண்டும் வேரூன்றியது. அப்பேரனின் மக்களுள் ஒருவரான ஸ்ம்பாத், மங்கோலியர் ஆண்ட அக்காலத்தில் கரகோரம்வரை சென்று, மொங்கே கானைக் கண்டு, தம் நிலவுரிமையை உறுதிசெய்யும் ஆணையோடு திரும்பினார். அவர் தம்பி தர்சாயிச். தர்சாயிச்சின் மகன் ஸ்தெபானோஸ்.

குடிவழி அட்டவணையைத் தாளில் எழுதிப் பார்த்தேன். லிபாரித்தின் மகன் எலிக்கும். எலிக்குமின் மகன் லிபாரித். அந்த லிபாரித்தின் மூத்த மகன் மீண்டும் எலிக்கும். என் கை அப்படியே நின்றது. பெயரன்! காக்கேசிய மலைகளுக்கு நடுவே பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இட்டு வந்திருக்கிறார்கள். பேரன் என்ற சொல் அவர்களிடம் இல்லை, பொருள் இருந்தது. ஆய்வாளருக்கோ இதுவே பெரிய இடர். எலிக்கும் என்று ஒரு கல்வெட்டுச் சொன்னால் எந்த எலிக்கும் என்று கேட்கவேண்டியிருக்கிறது. இராசராசன், இராசேந்திரன் என்ற பெயர்கள் சோழர் குடியில் திரும்பத் திரும்ப வருவதால் நம் கல்வெட்டறிஞர்கள் படும் பாட்டை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

இந்த இடரைத் தீர்ப்பவை கற்கள். நோராவாங்க் என்னும் மடத்தில் ஓர்பெலியரின் கல்லறைகள் இருக்கின்றன. அண்ணன் ஸ்ம்பாத்துக்காகத் தர்சாயிச் 1275இல் எழுப்பிய நினைவுக் கோயில் அங்கே உள்ளது. தர்சாயிச்சின் மகன் எலிக்குமின் கல்லறைக் கல் சிங்க வடிவம் தாங்கியது, 1300ஆம் ஆண்டுக்குரியது. அந்த எலிக்குமின் மகன் புர்தெல் கட்டுவித்த இரண்டடுக்குக் கோயில் 1339இல் முடிந்தது. யார் கட்டினார், யார் மகன், எந்த ஆண்டு என்பன சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கும். அவர்கள் எழுத்தையே எண்ணாகவும் பயன்படுத்தினார்கள். நம் தமிழ் எண்கள் எழுத்துகளை ஒத்திருப்பதை எண்ணிக்கொள்ளலாம். ஆர்மீனிய ஆண்டோடு 551 கூட்டினால் கிறித்துவ ஆண்டு கிடைக்கும். 749 என்று கல் சொன்னால் அது 1300. கிறித்துவ ஆண்டோடு 31 கூட்டித் திருவள்ளுவர் ஆண்டைக் காணும் நமக்கு இந்தக் கணக்கு கடினமன்று. இவ்வாறு நூல் சொல்வதைக் கல்லோடு ஒப்பிட்டு, கல் சொல்வதைப் பிற நாட்டார் எழுதிய வரலாற்றோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு படியாகக் குடிவழி கட்டப்படுகிறது.

இனித்தான் என்னை உலுக்கிய செய்தி வருகிறது. ஸ்தெபானோஸ் தம் குடியின் தொடக்கத்தைப் பற்றி என்ன எழுதுகிறார் தெரியுமா? சென் நாட்டு வேந்தர் மரபிலிருந்து வந்தவர்கள் தம் முன்னோர் என்கிறார். ஆர்மீனிய மொழியில் அப்பெயர் சீனத்தைக் குறிக்கும். சீனப் பேரரசரின் வழிவந்த குடியாம்! இதே போன்ற கதை அவர்களுக்கு முன்பே மமிகோனியன் என்னும் புகழ்பெற்ற ஆர்மீனியப் படைத்தலைவர் குடிக்கும் வழங்கியது. கி.பி. 451இல் அவராயர் போர்க்களத்தில் உயிர்விட்ட வர்தான் பிறந்த குடி அது. மமிகோனியர் கதையை ஆராய்ந்த இக்கால அறிஞர் பலர் வேறொரு விளக்கம் கூறுகின்றனர். சென் என்பது சீனமாக இராது. ஜார்ஜிய எல்லையை ஒட்டி வாழ்ந்த சான் என்னும் மலைக்குடியின் பெயராகவே இருக்கவேண்டும் என்பது அவர்கள் கருத்து. பக்கத்து மலையில் வாழ்ந்த குடியின் பெயர், ஓசை ஒற்றுமையால், காலப்போக்கில் கீழைப் பேரரசாக மாறிவிட்டது.

ஆர்மீனியன், அரண்மனைக்காரன். சான், சென். நூலக மேசையில் என் அஞ்சலட்டையின் படியை எடுத்து வைத்துப் பார்த்தேன். 700 ஆண்டுகளுக்கு முன்பு, கற்றறிந்த பேராயர் ஒருவர் செய்ததைத்தான் என் தந்தையாரும் நானும் செய்திருக்கிறோம். அவருக்கு ஒரு பேரரசு கிடைத்தது. எங்களுக்கு ஓர் அரண்மனை கிடைத்தது.

நம் வேந்தர்கள் மட்டும் இதற்கு விலக்கா? இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் குடியைக் கதிரவனிலிருந்தே தொடங்குகிறது. புராண மன்னர்கள் பலரைக் கடந்தே விசயாலயனை அடைகிறது. விசயாலயனுக்குப் பின் வருவனவற்றைக் கோயிற் சுவர்களும் பிற செப்பேடுகளும் உறுதிசெய்கின்றன. அதற்கு முன் உள்ளவற்றை எந்தச் சுவரும் உறுதிசெய்யவில்லை. ஓர்பெலியரின் வரலாறும் அப்படியே. ஸ்தெபானோஸ் தம் தந்தையையும் பெரிய தந்தையையும் பற்றிச் சொல்வதை வரலாற்றாசிரியர் மதித்து ஏற்கின்றனர். அவர் கூறும் சீன வேந்தரைப் புன்னகையோடு ஒதுக்கி வைக்கின்றனர். குடிவழிகளில் மிக ஒளிவீசும் பகுதி எதுவோ அதற்குத்தான் சான்று மிகக் குறைவாக இருக்கிறது. இதை நான் வேறொருவர் குடியில் முதலில் கண்டுகொண்டதால்தான் என் குடியிலும் ஏற்க முடிந்தது.

அதன் பிறகே அத்தையிடம் சென்றேன். அஞ்சலட்டையைப் படித்துக் காட்டி, தெருப் பெயர் வந்த வகையையும் மெல்ல எடுத்துச் சொன்னேன். அவர் கலங்கிவிடுவார் என்று அஞ்சினேன். அவரோ சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்பாவின் தோளில் ஒரு தழும்பு இருந்தது, தம்பி. மழைக்காலத்தில் அம்மா அதில் எண்ணெய் தடவுவார். மூட்டை சுமந்ததால் வந்தது என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்” என்றார்.

“அப்படியானால் உங்களுக்கு முன்பே தெரியுமா, அத்தை?”

“எனக்குத் தெரியும். நீங்கள் ஆண்பிள்ளைகள் எல்லாரும் அரண்மனை அரண்மனை என்று பேசினீர்கள். யாரும் என்னைக் கேட்கவில்லையே!”

பின்னர் அவர் கேட்ட கேள்விக்கு நான் அணியமாக இல்லை. “தாத்தாவுக்கு முன் யார் என்று அலைகிறாய். உன் அப்பாயியின் பெயர் உனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வயதுவரை என்னைத் தூக்கி வளர்த்தவர். அப்பாயி என்பதைத் தவிர வேறு பெயரை நான் எண்ணியதே இல்லை. கரும்பலகையில் நான் வரைந்த மரத்தில் பாட்டனாருக்கு ஒரு கட்டமும் அரண்மனைக்கு ஒரு கட்டமும் இருந்தன. அவருக்குக் கட்டமே இல்லை. “அரண்மனை நமக்குச் சோறு போடவில்லை, தம்பி. விடியற்காலையில் அம்மா அடுப்பு மூட்டி ஆப்பம் சுட்டு, மாட்டுக் கொட்டகைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு விற்ற காசுதான் போட்டது. சப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கை அவித்து எங்களைக் காப்பாற்றியவரும் அவர்தான்” என்றார் அத்தை. பிறகு அப்பாயியின் பெயரைச் சொன்னார். அவரைப் பெற்ற தாயின் பெயரையும் சொன்னார். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

பதிற்றுப்பத்தை நான் பல ஆண்டு பாடமாக நடத்தியிருக்கிறேன். இரண்டாம் பத்தின் பதிகம், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பெற்ற தாய் வெளியன் வேண்மாள் நல்லினி என்று பெயர் சுட்டிச் சொல்கிறது. மாணவர்கள் தேர்வுக்காக அப்பெயரை மனப்பாடம் செய்தார்கள். நானே கேள்வியும் கேட்டேன். சேரன் தாயின் பெயர் எனக்குத் தெரியும். என் தந்தையின் தாய்க்குப் பெயர் உண்டு என்பதை அறிய எனக்கு ஓர் ஆயுள் தேவைப்பட்டது. இதை எழுதும்போதும் தலை குனிகிறது.

அத்தை இப்போது இல்லை. அவர் சொன்னவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். புதிய குடிவழி மரம் ஒன்றை வரைந்து சட்டமிட்டு மாட்டியிருக்கிறேன். அதில் பாட்டனாரின் பெயருக்கு அருகில், சென்னை ஆர்மீனியன் தெருப் பண்டகசாலையில் மூட்டை சுமந்தவர், சான்று: 1926ஆம் ஆண்டு அஞ்சலட்டை என்று எழுதியிருக்கிறேன். அப்பாயியின் பெயருக்கு அருகில், ஆப்பம் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர், சான்று: மகளின் வாய்மொழி. பாட்டனாரின் தந்தைக்கு உரிய கட்டத்தில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் தயங்கினேன். முடிவில் ‘தெரியாது’ என்று எழுதினேன்.

எழுதிய பின்பே அந்த மாணவனின் தாள் கண்முன் வந்தது. அதே சொல், கட்டங்களின் மேல்முனையில். அன்று என் வகுப்பில் வந்த மரங்களுள் அவனுடையதே நேர்மையான மரம். தன் பாட்டனாரின் தொழிலை உள்ளபடி எழுதினான், தெரிந்ததோடு நிறுத்திக்கொண்டான், தெரியாததைத் தெரியாது என்றான். ஆராய்ச்சி அறிஞரும் அதற்கு மேல் செய்வதில்லை. பொய்யான மரத்தைக் கரும்பலகையில் வரைந்து வைத்துக்கொண்டு, மெய்யான மரத்தை வைத்திருந்த சிறுவனை நான் நாணச் செய்தேன். அவன் இன்று ஐம்பதைக் கடந்தவனாக இந்நகரில் எங்கோ வாழ்ந்துகொண்டிருப்பான். சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் அந்த வயதுடைய முகங்களைக் காணும்போது சில வேளை உற்றுப் பார்க்கிறேன். அடையாளம் தெரியவில்லை.

இன்றும் பள்ளிகளில் குடிவழி மரம் வரையச் சொல்கிறார்கள். நல்ல பயிற்சிதான், விட்டுவிட வேண்டியதில்லை. பணிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் அருகில் அதைச் சொன்னவர் யார் என்று எழுதச் சொல்லுங்கள். பாட்டியின் பெயருக்கு ஒரு கட்டம் வைக்கச் சொல்லுங்கள். தெரியாது என்று எழுதிவரும் பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தாதீர்கள். மாணவர்களே, உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால் இன்று மாலையே அவர் அருகில் சென்று அமருங்கள். என் அத்தையின் பெட்டி இன்னும் சில ஆண்டுகள் திறக்கப்படாமல் இருந்திருந்தால், எங்கள் வீட்டில் அந்த அரண்மனை மட்டுமே எஞ்சியிருக்கும்.

சென்ற மாதம் என் பேரனை ஹில் ஸ்திரீட்டுக்கு அழைத்துச் சென்றேன். கல்லறைக் கற்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் எல்லாம் நமக்கு உறவா என்று கேட்டான். உறவு இல்லை, உன் கொள்ளுப்பாட்டனின் அப்பா இவர்கள் பெயர் கொண்ட தெருவில் மூட்டை தூக்கினார் என்றேன். எத்தனை மூட்டை என்று கேட்டான். தெரியாது என்று சொன்னேன்.